எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடுகள்

ஐப்பசி பிறந்தாலே தீபாவளிப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. துணி எடுத்தாச்சா, ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா, போனஸ் வந்துடுச்சா, இந்த வருஷம் என்ன பலகாரம். கேட்கிறவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த வருடத்தில் அப்பாவைப் பறிகொடுத்தவர், வேலை போய் மூன்று மாத வீட்டு வாடகை பாக்கி வைத்திருப்பவர், விவாகரத்து வழக்குக்காகக் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைகிறவர், குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்து அது கைகூடாமல் போனவர் என்று நம்மைச் சுற்றி எத்தனையோ பேர் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு சிரிப்பைத் தயார் செய்து வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். பண்டிகை என்றால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் பலரை அந்த நாட்களில் நொறுக்கிப் போடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் முன்னோர்களிடம் இந்தக் கட்டாயம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது, எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அதோடு நின்றுவிடாது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் தூக்குவாளியில் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள், திண்ணையில் உட்கார்ந்து போனவரைப் பற்றிப் பேசுவார்கள், அழுகை வந்தால் கூடச் சேர்ந்து அழுவார்கள். கொண்டாட வேண்டாம் என்று விலக்கும் கிடைக்கும், தனியாகவும் விட மாட்டார்கள். இப்போது விலக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டோம். “அவங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்ல, தொந்தரவு பண்ண வேண்டாம்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போடுவார், எல்லோரும் சரி என்பார்கள், அத்தோடு முடிந்தது. விடிகாலையில் ஊரே வெடித்துக்கொண்டிருக்க, அந்த வீட்டில் மட்டும் வாசல் கதவு சாத்தியிருக்கும்.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டு அம்மாவின் கணவர் போன வருடம் ஆடியில் இறந்துபோனார். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் போனேன். ஒரு எட்டு முழ வேட்டியை அட்டைகூடப் பிரிக்காமல் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அவருக்காக வாங்கியது. மகனிடம் சொல்லவில்லை, சொன்னால் “எதுக்கும்மா மனசக் கஷ்டப்படுத்திக்கற” என்பானாம். மகன் நல்ல பையன், அம்மா அழக்கூடாது என்பதுதான் அவன் எண்ணம். ஆனால் அந்த அம்மாவுக்கு அழுவதைவிட, அவரைப் பற்றிப் பேச ஆள் இல்லாததுதான் பெரிய பாரமாக இருந்தது. பட்டாசைத் தட்டில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் அவர் காயவைப்பது, பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு காவல் இருப்பது, பேரன் ஒன்றை எடுத்துவிடாமல் எண்ணி எண்ணி வைப்பது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நடுவில் அழுதார், மறுபடி சிரித்தார். அப்புறம் வேட்டியை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் தீபாவளி அன்று இறந்தவர்களுக்குப் புதுத்துணியும் பலகாரமும் வைத்துப் படைக்கிற வழக்கம் இருக்கிறது. ஐப்பசி அமாவாசையும் அதை ஒட்டியே வருகிறது, அன்று தர்ப்பணம் கொடுக்கிறவர்களும் உண்டு. ஆக இந்தப் பண்டிகைக்குள்ளேயே துக்கத்துக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். விளம்பரங்களில் வரும் தீபாவளியில்தான் அது இல்லை, அதைப் பார்த்துப் பார்த்து நாமும் மறந்துவிட்டோம்.

அடுத்தது அடுப்படி. மன அமைதிக்கு ‘உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்’ என்று பண்டிகைக்குப் பண்டிகை அறிவுரை வருகிறதே, அதைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரமாக வரும். யார் ஒதுக்குவது? முந்தின நாள் ராத்திரி ஒரு மணி வரை முறுக்கு பிழிந்துவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எல்லோருக்கும் எண்ணெய் தேய்க்கக் காய்ச்சி வைத்து, வெந்நீர் போட்டு, இட்லி ஊற்றி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்கு முதல் வாய் சாப்பிடுகிற ஒருத்திக்கு எந்த நேரத்தை ஒதுக்கச் சொல்கிறீர்கள்? இதில் அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களும், சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் எடுக்கிறவர்களும் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், காரணமே இல்லாமல் சிடுசிடுப்பு வரும். “பண்டிகைன்னாலே அம்மாவுக்குக் கோபம் வந்துடும்” என்று பல வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். தூக்கமில்லை, பசி, நின்று நின்று காலில் வீக்கம், வேறென்ன வரும்? முறுக்கு அச்சை ஆண்கள் பிழியட்டும், நன்றாகவே பிழிய முடியும், கையில் பலம் அதிகம்தானே. இரண்டு பலகாரம் வீட்டில், மிச்சம் கடையில். மாமியார் முகம் சுளித்தால் அந்தப் பேச்சைக் கணவன் பேச வேண்டும், மருமகள் தலையில் கட்டக்கூடாது. காலை ஏழு மணிக்கு அவர் தட்டில் இட்லி விழுந்ததா என்று பார்க்கிற பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டாலே பாதிச் சண்டை குறையும்.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் போய், போன இடத்தில் வெடிச்சத்தம், கூட்டம், அரட்டை என்று அடுத்த ராத்திரியும் தூக்கம் போனால் சாதாரணமானவர்களுக்கு அலுப்போடு போய்விடும். அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருகிற இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு அப்படியில்லை, தூக்கம் கெடுவதே நோய் கிளம்பக் காரணமாகிவிடலாம். சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்று மாத்திரை அட்டையைப் பையை விட்டு வெளியே எடுக்காமல், இரண்டு நாள்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து விடாதீர்கள். லீவு நாட்களில் டாக்டர் ஊரில் இருக்க மாட்டார், ஊர்ப் பக்க மருந்துக்கடையில் அந்த மாத்திரை கிடைக்காமலும் போகலாம், முன்கூட்டியே கூடுதலாக வாங்கிப் பையில் வையுங்கள். கூட வருகிற அண்ணனோ மனைவியோ, எல்லோரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாலும் பத்து மணிக்கு “நீ போய்ப் படு” என்று எழுப்பி அனுப்பிவிடுங்கள், யாராவது ஏன் என்று கேட்டால் பஸ் களைப்பு என்று சொன்னால் போதும்.

கடன் வாங்கித் தலைதீபாவளிச் சீர் செய்வதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து “ஒண்ணும் வேண்டாம், பிள்ளைகள் வந்தால் போதும்” என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் ஒரு தகப்பனின் தூக்கம் மிச்சமாகும்.

ஊருக்குப் போவதிலும் இப்படித்தான். ரயிலுக்கு 60 நாளைக்கு முன்னால் முன்பதிவு திறக்கும்போதே எத்தனை நாள் தங்கப் போகிறோம் என்று முடிவு செய்கிறோம் அல்லவா, அப்போது டிக்கெட்டை மட்டும் பார்க்காதீர்கள், உங்களால் எத்தனை நாள் தாங்கும் என்றும் யோசியுங்கள். “எப்ப கல்யாணம்”, “விசேஷம் ஒண்ணும் இல்லையா” என்ற கேள்விகள் வரும் என்று தெரிந்தால், உங்கள் பக்கம் நிற்கிற ஒரு சித்தியிடமோ அக்காவிடமோ முன்பே சொல்லி வையுங்கள், “அத்தை ஆரம்பிச்சா பேச்ச மாத்தி விடுக்கா” என்று. நாலு நாளுக்குப் பதில் இரண்டு நாள் போய் வந்தால் உறவு முறிந்துவிடாது. குடித்துவிட்டு வருடா வருடம் ரகளை செய்கிற ஆள் இருக்கிற வீடு என்றால், போகாமலே இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

தாங்க முடியாத ராத்திரி வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி-மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், பண்டிகை நாளிலும் ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். போனில் இப்போதே பதிந்து வையுங்கள், தேவைப்படுகிற நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, நான் அதிகம் கவலைப்படுவது பண்டிகை முடிந்த பிறகு வருகிற வாரத்தைப் பற்றி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து வீடு நிறைந்து, இரண்டாம் நாள் ராத்திரியே பஸ் ஏறிப் போய்விட, மீந்த பலகார டப்பாக்களோடு இரண்டு வயசானவர்கள், சில வீடுகளில் ஒரே ஒருவர். வந்து சேர்ந்துட்டோம் என்று ஒரு போன், அப்புறம் பொங்கலுக்குத்தான். கீழ்வீட்டு அம்மாவின் மகனிடம் இந்த வருடம் இதைத்தான் கேட்டிருக்கிறேன், தீபாவளிக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அதற்கு அடுத்த சனி ஞாயிறு வா, வந்து அப்பாவைப் பற்றி அம்மாவிடம் நீயாகவே பேச்செடு என்று. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.