குரல் கம்மினால் சித்தரத்தை போதுமா?

"குரல் கம்மிப் போச்சா? சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு கிசுகிசுவென்று மட்டும் பேசுங்கள். எத்தனை மாதத்துக் கம்மலும் ஓடிவிடும், டாக்டர் வேண்டாம்" என்று கடலூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

சித்தரத்தை தொண்டைக்கு இதமாக இருக்கும், சரி. ஆனால் விழுங்கும் சாறு உணவுக்குழாய்க்குத்தான் போகும். அதிர்ந்து குரலை எழுப்பும் குரல்நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். சாறு அங்கே போனால் புரையேறும், அவ்வளவுதான். கிசுகிசுப்பு பலருக்குக் குரல்வளையை இன்னும் இறுக்கும். அதைவிடச் சாதாரணக் குரலில் மெதுவாக, குறைவாகப் பேசலாம்.

சளியோடு வரும் கம்மல் ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவருக்கும், நாள் முழுக்க வகுப்பெடுக்கும் டீச்சருக்கும் வருவது வேறு. நாண்களின் ஓரம் ஒன்றோடொன்று மோதி மோதி, உள்ளங்கைக் காய்ப்பு போலச் சிறு முடிச்சு விழும். அதற்குப் பெரும்பாலும் குரல் பயிற்சியே போதும், அறுவை சிகிச்சை வரை போகாது.

செய்தியில் ஆபத்தானது அந்த 'எத்தனை மாதம்'தான். 4 வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் அதற்கான பிரிவு உண்டு. பீடி, சிகரெட் பழக்கம், கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், மூச்சுத் திணறல் இருந்தால் அந்த 4 வாரமும் காத்திருக்கக் கூடாது. குரல்வளைப் புற்றுநோய் பலருக்கு முதலில் வெறும் கம்மலாகத்தான் தலைகாட்டுகிறது.