ஒப்படைத்துவிட்டுப் போகிற வேலை

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறார். விடிய நாலரைக்கு எழும்பி, பிள்ளைக்குப் புட்டு அவித்து வைத்துவிட்டு வாகனம் ஏறினால், முகமாலைப் பக்கம் போய் முழங்காலில் இருந்து மண்ணைக் கீறத் தொடங்குவார். முகத்துக்கும் நெஞ்சுக்கும் கவசம், கையில் மண்வாரி. வெயிலுக்குள் அங்குலம் அங்குலமாகத்தான் நகரலாம். இந்த வேலையில் சந்தோசமான நாள் எது என்று ஒருநாள் கேட்டேன். "காணியைச் சனத்திட்டக் குடுக்கிற நாள். அண்டைக்கே கதியாலோட வந்து நிப்பினம், வேலி அடைக்க" என்றார்.

அதே வேலையை இராணுவத்தின் பிரிவொன்றும் வடக்கில் செய்கிறது. வெடி எடுக்கிற ஆமிக்காரரைப் பார்த்து எங்கள் சனம் முகம் சுளித்ததை நான் கண்டதில்லை. ஏனென்றால் அந்த வேலைக்கு ஒரு முடிவு இருக்கிறது. துப்புரவாக்குவார்கள், ஒப்படைப்பார்கள், போய்விடுவார்கள். 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது 2028 ஜூன் என்று கெடுவும் விழுந்தது.

போருக்குப் பிந்திய பாதுகாப்பு, இராணுவமும் மக்களும் ஒத்துழைப்பது என்றெல்லாம் பேசுகிறோமே, எனக்கு அதில் கேட்க இருப்பது இதுதான்: எந்த வேலை எப்போது முடியும், யாரிடம் ஒப்படைப்பீர்கள்?

முன்பள்ளியை எடுங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுத்தது. அதன் பண்ணைகளில் முன்னாள் போராளிகள் பலர் வேலை செய்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பிள்ளை 'அ' எழுதப் பழகுகிற இடத்துக்குப் பாதுகாப்பு வேலைக்கென்று இருக்கிற திணைக்களம் ஏன் சம்பளம் கொடுக்கவேண்டும்? வடக்கில் அன்றாட விஷயங்கள் சிவில் நிர்வாகத்துக்குத் திரும்பவேண்டும், படையினர் படிப்படியாகப் பின்னுக்குப் போகவேண்டும் என்று 2011இல் அரசாங்கத்தின் சொந்த நல்லிணக்க ஆணைக்குழுவே எழுதிவைத்தது.

வேறு நாடுகளில் போரை ஒப்பந்தம் முடித்துவைத்தது. தென்னாப்பிரிக்காவில் ஒன்றையொன்று சுட்ட படைகளை 1994இல் சேர்த்து ஒரே இராணுவமாக்கினார்கள். நேபாளத்தில் பதிவான 19 ஆயிரத்துச் சொச்சம் மாவோயிஸ்ட் போராளிகளில் சுமார் 1,400 பேர் இராணுவத்துக்குள் போனார்கள். புருண்டியில் எந்த இனமும் படையில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே போட்டார்கள். 2015இல் அங்கே மறுபடி குழப்பம் வந்தது உண்மை. கலந்து நின்றால் மட்டும் காணாது என்பதற்கு அதுவும் சாட்சி. எங்களுக்கு அப்படி மேசையில் இருந்து பேசிய முடிவு ஒன்றும் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது, அவ்வளவுதான். அதனால் யார் எதைத் திருப்பிக் கொடுப்பது என்று எழுதிய கடதாசியும் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. 2017இல் முல்லைத்தீவு கேப்பாப்புலவில் இருக்கிற பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணிக்காக ஒரு மாதம் விமானப்படை முகாம் வாசலில், ரோட்டோரத்தில், குழந்தைகளோடு பாய் விரித்துக் கிடந்தது. காணி கிடைத்தது. கேப்பாப்புலவின் மற்றச் சனம் அதற்குப் பிறகும் இருந்தது.

படை குறைந்தால் பாதுகாப்பு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். சரி, இன்று வன்னியில் எங்களைப் பயப்படுத்துவது எது? மணல் கொள்ளை, கசிப்பு, கஞ்சா, களவு. இவை பொலிசின் வேலை.

போன வருடம் அம்மாவின் மாடு களவு போனது. முறைப்பாடு கொடுக்கப் போனோம். அம்மா தமிழில் சொன்னார், அங்கிருந்தவர் சிங்களத்தில் எழுதினார். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் சட்டம் வந்தது. எழுதி முடித்துக் கடதாசியை அம்மாவின் பக்கம் திருப்பி, கீழே விரலால் தொட்டுக் காட்டினார். "என்ன எழுதியிருக்கு, தம்பி?" என்று அம்மா கேட்டார். "கையெழுத்து, அம்மா" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா வைத்துவிட்டு வந்தார். வரும் வழியில் மதகடியில் சைக்கிளை நிறுத்தி, "2009இலயும் இப்படித்தான் என்ன எண்டு தெரியாமல் ஒரு கடதாசியில வைச்சனான்" என்றார். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் ஒன்றும் கதைக்கவில்லை.

2030க்குள் இராணுவத்தை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023இல் அரசாங்கம் அறிவித்தது. நல்லது, குறையட்டும். அதோடு முன்பள்ளி, பண்ணை, படையினர் நடத்துகிற கடை, காணி ஒவ்வொன்றுக்கும் மிதிவெடிக்கு வைத்த மாதிரி ஒரு கெடு வையுங்கள். எங்கள் பிள்ளைகளைப் பொலிசில் சேருங்கள், இங்கே வருகிற சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்குங்கள். அடுத்த முறை மாடு களவு போனால் அம்மா தனியப் போய், தமிழில் சொல்லி, தானே வாசித்துப் பார்த்த கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு வரவேண்டும்.