41 என்ற எண் காரணத்தைச் சொல்லாது

விளையாடும்போது கணினி திடீரென அணைந்துபோகும் பிரச்சினைக்கு, “ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) கெர்னல்-பவர் 41 என்ற பதிவு வந்தாலே பவர் சப்ளை போச்சு, சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் புதுசு வாங்கிடுங்க” என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. விண்டோஸ் முறையாக மூடப்படாமல் நின்றுபோனால், அடுத்த முறை தொடங்கும்போது 41 பதிவாகும், அவ்வளவுதான். சுவர் சுவிட்சைத் தட்டினாலும் அதே 41தான்!

பவர் சப்ளையும் காரணமாகலாம், மறுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு ஒரு கணம் மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுத்தால், பவர் சப்ளை தற்காப்புக்காகச் சட்டென அணைந்துவிடும். ஆனால் காசைக் கொட்டுமுன் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற கண்காணிப்பு மென்பொருளில் கணினியின் வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே விளையாடிப் பாருங்கள். ஏர்கான் போடாத வீவக வீட்டு அறை, தூசி அடைத்த விசிறி என்றால் சந்தேகம் முதலில் சூட்டின் மேல்தான். அப்புறம், எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகியும் பாருங்கள்.