அந்தச் சிதார் ரவிசங்கருடையது அல்ல

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் 'நார்வேஜியன் வுட்' பாடலில் சிதார் வாசித்தவர் பண்டிட் ரவிசங்கர் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. வாசித்தவர் அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன். பாடல் பதிவானது 1965 அக்டோபரில். ஹாரிசன் ரவிசங்கரைச் சந்தித்ததோ 1966இல், லண்டனில். அதன் பிறகுதான் அவரிடம் முறையாகப் பாடம் கேட்டார்.

அதே செய்தியில் இன்னொரு வரி. பீட்டில்ஸால்தான் ரவிசங்கருக்கு வெளிநாட்டில் பெயர் கிடைத்ததாம்! அதுவும் தவறு. ரவிசங்கர் மத்தியப் பிரதேசத்தின் மைஹரில் இசை மேதை அலாவுதீன் கானிடம் ஆண்டுக்கணக்கில் குருகுலவாசம் இருந்தவர். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கு 1955இல் இசையமைத்தவர். 1956இலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கச்சேரி செய்துவிட்டார். வயலின் மேதை யெஹுதி மெனுஹினின் நட்பும் அப்போதே உண்டு. ஹாரிசனின் தொடர்பால் ராக் இசை ரசிகர்களும் அவரைத் தேடி வந்தார்கள் என்பது மட்டும் உண்மை.