பழைய சேலை கொடுத்தது போதும், மம்பட்டி கொடுங்கள்

எங்கே புயல், வெள்ளம் என்றாலும் மதுரைக்காரர்களுக்குக் கை தாராளம்தான். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதைக் கொட்டிவிடுகிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது எங்கள் தெருவிலும் பொருள் சேர்த்தோம். வந்து குவிந்ததில் பெரும்பகுதி துணி. சாயம் போன சேலை, ஜிப் அறுந்த பேண்ட், யாரோ வயதுக்கு வந்த விழாவில் உடுத்திய பட்டுப் பாவாடை, ஜோடி இல்லாத செருப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சாலையோரம் மழையில் ஊறிக் கிடந்த துணிக் குவியல்கள். அதைத் தொடக்கூட அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. வீட்டில் வேண்டாததைக் கழிப்பது வேறு வேலை, அதைத் தீபாவளிக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

இலங்கை மலைநாட்டில் என்ன நடந்தது என்று யோசித்தால் என்ன கொடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகள் மேல் விழுந்தன. 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பிழைத்தவர்கள் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. அதை ஈரம் இருக்கும்போதே அள்ள வேண்டும், காய்ந்து இறுகிவிட்டால் கடப்பாரைதான். அப்படியென்றால் மம்பட்டி, சாந்துச் சட்டி, பிக்காசு, விழுந்த மரத்தை அறுக்க ரம்பம், கோடரி, கூரை மேல் இழுத்துக் கட்ட தார்ப்பாய், நைலான் கயிறு. கூடவே ரப்பர் பூட்ஸும் கையுறையும். இதைப் பலர் யோசிப்பதில்லை. வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும், இலங்கையில் அது ஏற்கெனவே பெரிய தலைவலி.

அடுத்த கட்டம் பிழைப்பு. கொத்தனாரின் கரண்டியும் ரசமட்டமும், தச்சரின் உளியும் இழைப்புளியும் மண்ணுக்குள் போய்விட்டால், நிவாரண அரிசி தீர்ந்த மறுநாள் அவர் யாரிடம் கை நீட்டுவார்? தேயிலைத் தோட்டத்தில் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி இல்லாமல் செடியை வெட்ட முடியாது. அந்தத் தோட்டங்களில் இருக்கிற பலருடைய பாட்டன் பூட்டன் வெள்ளைக்காரர் காலத்தில் நம் மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து, ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் முகாம் வழியாகப் போனவர்கள்தான். வெட்டவும் கொத்தவும் தெரிந்த கைகள் என்றுதானே அன்றைக்குக் கூட்டிப் போனார்கள்.

இதற்கெல்லாம் புதுசு வாங்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பழைய வீடுகளின் பரணில் தாத்தா காலத்து உளியும் சுத்தியலும் துருப்பிடித்துத் தூங்குகின்றன. பட்டறையில் அடித்த அந்த இரும்பு, இப்போது மலிவாக வரும் தகரத்தைவிடப் பத்து மடங்கு உழைக்கும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்சங்கம் ரோட்டுச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், நான் சொல்வது புரியும். துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு, கூர் போட்டு, மம்பட்டிக்குப் புதுக் கணை (மரப் பிடி) மாட்டினால் வேலை முடிந்தது. (திருப்பாச்சேத்தி அரிவாளை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டுக்கட்டாக அனுப்பினால் நிவாரணம் என்று எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.)

"பணம் அனுப்பினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அரிசி, பருப்பு, மருந்துக்கெல்லாம் பணம்தான் சரி. அங்கே வாங்கினால் அங்குள்ள கடைக்காரருக்கும் நாலு காசு. பெரிய அளவில் என்றால் அரசு செய்யட்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் அறிவித்து அனுப்பியதே. நம் தெருக்குழு அதோடு போட்டி போட முடியாது. ஆனால் நல்ல பழைய கருவி இங்கே சும்மா கிடக்கிறது, பரணில் கிடக்கும்வரை அது யாருக்கும் பணமாகப் போவதில்லை.

நடுவில் கடல் இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான். 1964 புயலுக்கு முன்பு ரயிலில் போய் இறங்கிக் கப்பல் ஏறிவிடலாம். இப்போது நம் சரக்கு தூத்துக்குடி போய், கொழும்பு போய், அப்புறம் மலை ஏற வேண்டும். அங்கே பெற்றுக்கொள்ளப் பதிவு பெற்ற அமைப்பு ஒன்று இல்லாவிட்டால் சுங்கத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொரு கட்டிலும் என்ன இருக்கிறது, எத்தனை என்று பட்டியல் வேண்டும். துணியும் சட்டியும் சுத்தியலும் கலந்து கட்டிய மூட்டைக்கு எப்படிப் பட்டியல் போடுவது? மரப்பெட்டியும் வேண்டாம். பூச்சி போகச் சூடேற்றிய முத்திரை இல்லாத மரத்தைத் துறைமுகத்தில் விட மாட்டார்கள்.

வீட்டுச் சாமான் கொடுக்கிறவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டு என்று யோசியுங்கள். சோறு வடிக்கக் குண்டான், குழம்புச் சட்டி, கரண்டி, தட்டு, டம்ளர், மூடி போட்ட குடம். முக்கியமாகத் தேங்காய்த் துருவி, தேங்காய்ப் பால் இல்லாமல் அங்கே குழம்பு கிடையாது. மிக்சி வேண்டாம். மின்சாரம் இரண்டு பக்கமும் 230 வோல்ட்தான், ஆனால் அங்கே இப்போது செவ்வக முள் ப்ளக்.

அடுத்த சேகரிப்புக்குத் துருப்பிடித்தது, கணை இல்லாதது எல்லாம் எடுத்துக்கொள்கிறோம். இரும்பில் விரிசல் விட்டது மட்டும் வேண்டாம், ஓங்கும்போது தெறித்து யார் கண்ணிலாவது பட்டுவிடும். கால் தையல் மிஷின் வைத்திருக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். பெல்ட், ஊசி, பாபின் சேர்த்துக் கட்ட வேண்டும், தூக்க ஆளும் வேண்டும்.