கல் உப்பு கரைத்தால் பவளத் தொட்டி இறால் வாழுமா?

"ஒரு லிட்டர் போர் தண்ணீரில் 35 கிராம் கல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் தயார், பவளத் தொட்டி இறால் அதில் நன்றாக வாழும்" என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பவளத் தொட்டி என்பது வீட்டில் பவளத்தையும் கடல் உயிர்களையும் வளர்க்கும் கடல் நீர்த் தொட்டி. 35 கிராம் என்ற அளவு சரி. மற்றது தவறு, நம்பிச் செய்தால் இறால் செத்துப்போகும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன. இறால் பழைய ஓட்டைக் கழற்றிய பிறகு புது ஓட்டைக் கெட்டிப்படுத்த இவை வேண்டும். உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியம் பெரும்பாலும் முன்பே ஜிப்சமாகப் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நடுவில் விளைவதுதான் நம் கல் உப்பு, கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. போர் தண்ணீர் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இந்தக் குறையை ஈடுகட்டாது.

அக்வேரியம் கடையில் விற்கும் ரீஃப் உப்பை (கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவை) ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அருகே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரைடு தொல்லையால் இங்கே பல வீடுகளில் ஆர்.ஓ. இருக்கிறது. ஆனால் அது செம்பு சேர்க்கும் மாடல் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நமக்கு நல்லதென்று விற்கப்படும் செம்பு, இறாலுக்கு மிகச் சிறு அளவிலேயே விஷம். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றும் செம்பு மருந்தும் அப்படித்தான். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதையும் நேரடியாக ஊற்றாதீர்கள்.

அப்புறம், வாங்கி வந்த இறாலை உடனே தொட்டியில் கொட்டிவிடாமல், தொட்டி நீரை ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்குங்கள்.