எல்லையை வரைவது யார்?

இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டா 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். அவர் பங்கு வைத்திருந்த மின் நிறுவனத்தை இத்தாலிய அரசு தேசியமயமாக்கியிருந்தது. அந்தத் தேசியமயச் சட்டம், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஒப்பந்தத்துக்கு முரணானது என்பது அவருடைய வாதம். அற்பத் தொகைக்கான அந்த வழக்கில்தான், உள்நாட்டுச் சட்டம் எதுவானாலும் ஐரோப்பியச் சட்டத்தை அது மீற முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1964 ஜூலையில் அறிவித்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி அன்று இல்லை, இன்றும் இல்லை. அதைச் சேர்க்க முயன்ற ஐரோப்பிய அரசியல் சாசன வரைவை 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் பொது வாக்கெடுப்பில் நிராகரித்தன. அதன் பிறகு வந்து ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்தியமைத்த லிஸ்பன் ஒப்பந்தத்தில், ஐரோப்பியச் சட்டத்தின் இந்த மேலதிகாரம் வெறும் இணைப்பு அறிக்கையாக ஒதுங்கிக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அதன் உறுப்பு நாடுகளுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீடு பற்றிப் பேசுவோர் பலர் பட்டியல்களில் தொடங்கிப் பட்டியல்களிலேயே முடித்துக்கொள்வதால்தான் இந்தக் கதையை முதலில் சொன்னேன். பட்டியல்கள் இருக்கின்றன, தெளிவாகவும் இருக்கின்றன. சுங்கம், வெளிவர்த்தகம், யூரோ நாடுகளின் நாணயக் கொள்கை போன்றவை ஒன்றியத்துக்கு மட்டுமே உரியவை. வேளாண்மை, சுற்றுச்சூழல், போக்குவரத்து முதலானவை இரு தரப்புக்கும் பொது. அவற்றில் ஒன்றியம் எந்த அளவுக்குச் சட்டம் இயற்றுகிறதோ, அந்த அளவுக்கு நாடுகள் விலகிக்கொள்ள வேண்டும். கல்வி, பண்பாடு, சுகாதாரப் பராமரிப்பு ஆகியவற்றில் ஒன்றியம் துணை நிற்கலாமே தவிர, நாடுகளின் சட்டங்களை ஒரே அச்சில் வார்க்க முடியாது. நாடுகள் ஒப்படைக்காத எந்த அதிகாரமும் அவற்றிடமே இருக்கும் என்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. துறை சார்ந்த இந்தப் பட்டியல்களின் குறுக்கே, நோக்கம் சார்ந்த அதிகாரம் ஒன்று ஓடுகிறது: உள்சந்தை, அதாவது உறுப்பு நாடுகள் அனைத்துக்குமான ஒரே பொதுச் சந்தை, தடையின்றி இயங்குவதற்காக நாடுகளின் சட்டங்களை ஒத்திசைக்கும் அதிகாரம். சந்தையைத் தொடாத துறை என்று ஒன்றைக் காட்டுவது கடினம் என்பதால், இந்தக் கதவு வழியாக எந்தத் துறைக்குள்ளும் நுழைந்துவிடலாம். புகையிலை விளம்பரங்களை ஏறக்குறைய முற்றிலுமாகத் தடைசெய்த 1998ஆம் ஆண்டின் நெறியாணை (உறுப்பு நாடுகள் தம் சட்டங்களில் நிறைவேற்ற வேண்டிய ஒன்றியச் சட்டம்) இதற்கு நல்ல உதாரணம். அதன் உண்மையான நோக்கம் பொதுச் சுகாதாரம். அத்துறையிலோ நாடுகளின் சட்டங்களை ஒத்திசைக்க ஒப்பந்தமே தடை விதித்திருந்தது. ஆகவே உள்சந்தை என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். ஜெர்மனி வழக்குத் தொடுத்தது. உணவகங்களின் சாம்பல் கிண்ணங்களிலும் நிழற்குடைகளிலும் உள்ள விளம்பரத்தைத் தடுப்பது எந்த வர்த்தகத் தடையை நீக்குகிறது என்ற கேள்விக்கு விடையில்லாததால், 2000 அக்டோபரில் நீதிமன்றம் அந்த நெறியாணையை ரத்து செய்தது. புகையிலைக் கட்டுப்பாட்டை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றே சொல்வேன். நோக்கம் நல்லது என்பதாலேயே, இல்லாத அதிகாரம் உண்டாகிவிடாது. வருத்தம் என்னவென்றால், ஒன்றிய நீதிமன்றம் இத்தனை கறாராக நடந்துகொண்ட தருணங்கள் மிகக் குறைவு.

அந்தக் குறையைத் தேசிய நீதிமன்றங்கள் நிரப்பட்டும் என்கிறார்கள் சிலர். 2020 மே 5 அன்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத்தான் செய்தது. ஐரோப்பிய மத்திய வங்கியின் அரசுக் கடன் பத்திரக் கொள்முதலை ஏற்ற ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்பே அதிகார வரம்பை மீறியது என்று அது கூறியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் போலந்தின் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பிரிவுகளே தன் நாட்டு அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதவை என்றது. இரண்டும் ஒன்றல்ல, முன்னது ஒரு குறிப்பிட்ட திட்டத்தைப் பற்றியது, பின்னது அடித்தளத்தையே அசைப்பது. எனினும், இறுதித் தீர்ப்பை 27 நாடுகளின் நீதிமன்றங்களும் தனித்தனியே சொல்லலாம் என்று ஏற்றுக்கொண்டால், ஒரே சட்டம் ஒரு நாட்டில் செல்லும், பக்கத்து நாட்டில் செல்லாது. அப்போது பொதுச் சட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே இந்த வழியை நான் ஏற்கவில்லை.

சட்டம் பிறப்பதற்கு முன்பே, நாடாளுமன்றங்களில் எல்லை காக்கப்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதற்கான கருவியை லிஸ்பன் ஒப்பந்தமே தந்திருக்கிறது. நாடுகளே செய்துகொள்ளக்கூடியதை ஒன்றியம் செய்ய முனைகிறது என்று, சட்ட முன்மொழிவு வந்த எட்டு வாரங்களுக்குள் தேசிய நாடாளுமன்றங்கள் ஆட்சேபிக்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு வாக்குகள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வாக்குகள் சேர்ந்தால், சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இதற்கு மஞ்சள் அட்டை என்று பெயர். 2012இல் வேலைநிறுத்த உரிமை தொடர்பான முன்மொழிவு, 2013இல் ஐரோப்பிய அரசு வழக்குத்தொடுநர் அலுவலகம், 2016இல் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படும் தொழிலாளர் விதிகள் என்று மூன்று முறை அது காட்டப்பட்டது. முதல் முன்மொழிவை ஆணையம் திரும்பப் பெற்றது, அதுவும் எல்லை மீறவில்லை என்று சொல்லிக்கொண்டே. மற்ற இரண்டிலும் காரணம் சொல்லிவிட்டுத் தன் வழியே போனது.

இந்த அட்டைக்குக் கூடுதல் பலம் வேண்டும். எட்டு வாரங்களைப் பன்னிரண்டாக நீட்டலாம். மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால் முன்மொழிவைத் திருத்தியே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். அதை மீறி இயற்றப்படும் சட்டம் நீதிமன்றத்துக்குப் போகும்போது, எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று நிரூபிக்கும் சுமையை ஒன்றியத்தின் தலையில் வைக்கலாம்.